நிழலில்லா நண்பகலும் ஆவி படிந்த லென்ஸும்

நண்பர்கள் பலரும் இவ்வாண்டு தாங்கள் எடுத்தவற்றுள் மனத்துக்குப் பிடித்த புகைப்படங்களைப் பகிர்ந்து வருவதால், நானும் என் எட்டாயிரம் படங்களைத் திறந்துவைத்து மூன்று இரவுகள் வடிகட்டினேன். மிஞ்சியவை இரண்டுதான்.

முதலில், தள்ளிவிட்ட ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில், 2012இல் கான்கிரீட் கால்வாயிலிருந்து இயற்கையான ஆறாக மாற்றியமைக்கப்பட்ட காலாங் ஆற்றோரம், ஈரப்புல்லில் குப்புறப் படுத்து, நீர்நாய் ஒன்று மீனைக் கவ்வியபடி கரையேறுவதை 1/1000 நொடியில் பிடித்தேன். மீசை மயிர்கூட ஒவ்வொன்றாகத் தெரியும் அளவுக்குக் கூர்மையான படம். ஆனால் அன்று என்னருகில் படுத்திருந்த ஆறு பேரிடமும் அதே மீன், அதே மீசை இருக்கிறது. நான் வராதிருந்தாலும் கிடைத்திருக்கக்கூடிய படத்தை என் படமென்று காட்ட மனம் வரவில்லை.

பிடித்த முதல் படம் தைப்பூசத்தன்று எடுத்தது. விடியற்காலை நாலரை மணிக்குச் சிராங்கூன் சாலையில், ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குச் சற்று முன்னால் டாக்சியிலிருந்து இறங்கினேன். வழியெல்லாம் குளிர்சாதனக் காற்று பட்டுச் சில்லிட்டிருந்த லென்ஸை வெளியே எடுத்ததும், நம் ஊர் ஈரக்காற்று அதன்மேல் ஆவியாகப் படிந்துவிட்டது. துடைத்தால் மறுபடியும் படியும். கண்ணாடி வெளிச்சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பையைத் திறக்காமலே கால் மணி நேரம் வெளியில் வைத்திருந்தால் இந்தத் தொல்லை நேராது என்பது பல ஆண்டுகளாக எனக்குத் தெரியும். தெரிந்தும் அவசரப்பட்டேன்.

அந்த நேரம் பார்த்து மஞ்சள் புடவை உடுத்திய ஓர் அம்மா பால்குடத்துடன் கடந்து போனார். ஒரே ஒருமுறை அழுத்தினேன். விளக்குகள் ஒவ்வொன்றும் உருண்டையாகப் பூத்திருக்க, முகம் கரைந்துபோய், குடத்தைப் பிடித்திருக்கும் இரு கைகள் மட்டுமே ஓரளவு தெரிகின்றன. எங்கள் புகைப்படக் குழுவின் மூத்தவர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, “தம்பி, லென்ஸைத் துடைத்துவிட்டு எடுத்திருக்கலாமே” என்றார். நானும் அழித்துவிடத்தான் இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் விரதமிருந்து பால்குடம் எடுத்த என் மனைவி, “தூக்கமில்லாமல் அந்த நேரத்தில் நடந்தபோது எனக்குத் தெரு இப்படித்தான் தெரிந்தது” என்றாள். அதன்பின் அழிக்க முடியவில்லை.

இரண்டாவது, தோ பாயோ வட்டாரத்தில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் முன்னே, உச்சி வெயிலில் எடுத்தது. நண்பகல் வெளிச்சத்தில் கேமராவைத் தொடாதே என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் புதியவர்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே இருக்கும் நமக்கு, மார்ச் 23ஐ ஒட்டிய ஓரிரு நாள்களில் பிற்பகல் ஒன்றே கால் மணிவாக்கில் சூரியன் நேர் தலைக்குமேல் வந்துவிடுகிறது. விளக்குக் கம்பத்துக்கு நிழலே இல்லை. தள்ளுவண்டியில் அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போன முதியவரின் நிழல் அவருடைய செருப்புகளுக்கு அடியிலேயே ஒடுங்கிக் கிடந்தது. மூன்றாம் மாடியிலிருந்து நேர்கீழே பார்த்து எடுத்ததால், வட்டத் தொப்பியும் பழுப்புப் பெட்டிகளும் வெள்ளைத் தரையில் ஒட்டிவைத்தவைபோலத் தோன்றுகின்றன. வண்ணத்தைச் சிறிதும் கூட்டவில்லை.

செப்டம்பர் 20 வாக்கில் சூரியன் மறுபடியும் அதே இடத்துக்கு வருமென்று நம்பி, அதே மாடியில் இரண்டு நாள் காத்து நின்றேன். இரண்டு நாளும் மழை.