கார்டோனா வம்சத்தைத் தூக்கி நிறுத்தியது உப்பா, அரசனா?

உப்புமலையான்:
ஸ்பெயினின் வடகிழக்கில் உள்ள கட்டலோனியாவில் ‘முடிசூடாத மன்னர்கள்’ என்று பேர் வாங்கியவர்கள் கார்டோனா குடும்பத்தார். காரணம் கோட்டைக்குக் கீழே கிடக்கும் உப்புமலைதான். மற்ற பிரபுக்கள் விளைச்சலை நம்பி வானத்தைப் பார்த்தார்கள். இவர்களுக்கோ வெட்ட வெட்டக் காசு. இறைச்சி கெடாமல் இருக்கவும் தோல் பதப்படுத்தவும் உப்பு வேண்டும். கடலோ தூரம்.

கோட்டைவாசல்:
உப்பு இருந்தது, சரி. கார்டோனா ஊரை நிலைநிறுத்தியது யார்? 986-இல் பார்சிலோனா கோமான் இரண்டாம் பொரெல் கொடுத்த சாசனம். அது எல்லைப்புறம், குடியேற ஆள் கிடைக்காத இடம். அதனால் ஓடிவந்த அடிமை, அடுத்தவன் மனைவியோடு வந்தவன், திருடன், கள்ளநாணயக்காரன் யாரானாலும் அங்கே பயமின்றி வாழலாம் என்று எழுதிக் கொடுத்தார்! பட்டங்களும் அப்படித்தான். 1375-இல் அரசர் நான்காம் பேரே இவர்களைக் கவுன்ட் (கோமான்) ஆக்கினார், 1491-இல் அரசர் ஃபெர்டினாண்ட் அதைவிட உயர்ந்த டியூக் ஆக்கினார். எல்லாம் மேலிருந்து வந்தவை.

உப்புமலையான்:
கார்டோனா கோட்டையில் இருக்கும் சான் விசென்ஸ் தேவாலயத்தை மறந்துவிட்டீர்களே. 1040-இலேயே அர்ச்சிப்பு முடிந்தது. கவுன்ட் பட்டம் வர இன்னும் 335 வருடம் இருக்கிறது. அவ்வளவு பெரிய கல்கட்டடத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

கோட்டைவாசல்:
அதே குடும்பத்து எரிபாவ் அப்போது உர்ஹெல் ஆயர். திருச்சபைச் செல்வாக்கைக் கணக்கில் சேர்க்காமல் எல்லாவற்றையும் உப்பிலேயே கரைத்துவிடுகிறீர்கள்.

வடக்குவாசி:
இடையில் ஒன்று. அரசன் தயவுதான் எல்லாம் என்றால், 1280-இல் கார்டோனா குடும்பத்துத் தலைவர் ராமோன் ஃபோல்க் ஏன் ஃபுவா, உர்ஹெல், பல்யார்ஸ் கோமான்களோடு சேர்ந்து அரசனையே எதிர்த்தார்? கையில் வருமானம் இல்லாதவன் அந்த வேலைக்குப் போக மாட்டான்.

கோட்டைவாசல்:
பாதியில் நிறுத்தாதீர்கள். பலாகேர் ஊரில் அரசர் மூன்றாம் பேரேவிடம் சரணடைந்து சிறைக்குப் போனார்கள். உப்பு காப்பாற்றவில்லை. 1285-இல் பிரெஞ்சுப் படை வந்தபோது, அதே ராமோன் ஃபோல்க் அதே அரசனுக்காக ஜிரோனா நகரைக் காத்து நின்றார். குடும்பத்துக்கு மறுபடி மதிப்பு வந்தது அந்தச் சேவையால்.

உப்புமலையான்:
அரசன் அவரை ஏன் ஒரேயடியாக ஒழிக்கவில்லை என்று யோசியுங்கள். ஒழிக்க முடியாத அளவுக்குப் பெரிய ஆள்.

கோட்டைவாசல்:
பெரிய ஆள்தான். ஆனால் 17-ஆம் நூற்றாண்டில் ஒரு திருமணத்தின் வழியே இந்த டியூக் பட்டம் ஸ்பெயினின் காஸ்டில் பகுதியைச் சேர்ந்த மெதினசெலி பிரபு குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மலை அங்கேயேதான் இருந்தது. அதை வைத்துப் பட்டத்தைத் தக்கவைக்க முடியவில்லையே.

உப்புமலையான்:
ஆண் வாரிசு இல்லாமல் போனதற்கு மலை என்ன செய்யும்?