நாடுகள் சேர்ந்து ஒரு பொது மின்னூலகம் கட்டலாமா? சேர்ந்த நாடு விலகினால் நூல்கள் என்ன ஆகும்?

தாமிரபரணி

வணக்கம் நண்பர்களே. 31 வருடம் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். நெடுநாளாக மனதில் கிடக்கும் ஒன்றை இங்கே வைக்கிறேன். விருப்பமுள்ள நாடுகள் சேர்ந்து ஒரு பொது மின்னூலகம் கட்ட வேண்டும். யாருக்கும் கட்டாயம் இல்லை. சேர்கிற நாடு தன் பழைய நூல், சுவடி, வரைபடம், பத்திரிகை இவற்றின் நகலைத் தர வேண்டும். மற்றவர்கள் தந்ததெல்லாம் அதன் மக்களுக்குக் காசில்லாமல் கிடைக்கும்.

ஏற்கெனவே ஒருமுறை நடந்ததுதான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தலைவராக இருந்த ஜேம்ஸ் பில்லிங்டன் 2005இல் இந்த யோசனையைச் சொன்னார். 2009 ஏப்ரல் 21 அன்று பாரிஸில், யுனெஸ்கோ தலைமையகத்தில், உலக மின்னூலகம் திறக்கப்பட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் ஏழு மொழிகளில் விளக்கம் எழுதியிருந்தார்கள். எங்கள் நூலகக் கணினியில் அதைத் திறந்து மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். பழைய அரபு வானியல் ஏட்டை ஒரு பையன் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான், வகுப்புக்கு மணி அடித்தும் எழவில்லை.

2021இல் அந்தத் தளத்தை மூடி, உள்ளே இருந்ததைக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். ஊர் கூடிக் கட்டிய சத்திரம் ஒருவர் வீட்டு அறையாகிவிட்டது. அதை மறுபடி ஊருக்கே கட்ட வேண்டும் என்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

வடமராட்சியான்

ஐயா, உங்கள் நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் "நாடுகள் சேர்ந்து" என்ற இடத்திலேயே நான் உங்களை விட்டுப் பிரிகிறேன்.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. 97,000 நூல்கள், அவற்றோடு ஏட்டுச் சுவடிகளும். அரசின் பொலிசார் நகரத்தில் நிறைந்திருந்தபோதுதான் எரிந்தது. எங்கள் வீட்டில் அந்த இரவைப் பற்றி இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார்கள். ஈழத்து நூல்களைத் தேடித் தேடி ஸ்கான் செய்து 2005இலிருந்து இணையத்தில் ஏற்றி வருவது நூலகம் திட்டம். தன்னார்வலர்களால் தொடங்கியது, எந்த நாடும் தொடங்கியதல்ல.

நாடுதான் சேர வேண்டும் என்றால் எதைக் கொடுப்பது என்று நாடுதான் தீர்மானிக்கும். அரசுக்குப் பிடித்த கல்வெட்டும் அழகான ஓவியமும் முதலில் போகும். சிறுபான்மையினரின் துண்டுப் பிரசுரம் கடைசி வரிசையில் நிற்கும், அல்லது நிற்கவே நிற்காது. நீங்கள் சொன்ன ஏழு மொழிகளையே பாருங்கள்: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துகீசு, ரஷ்யன், ஸ்பானியம். தமிழ் இல்லை, இந்தியும் இல்லை. 12 வருடத்தில் சேர்ந்தது 19,000 சொச்சம் பொருட்கள். நாடுகளின் விருப்பத்துக்கு விட்டால் அவ்வளவுதான் வரும்.

தாமிரபரணி

தம்பி, நீங்கள் சொன்ன வலிக்கு முன்னால் வாதம் செய்யக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் ஒன்றைச் சொல்கிறேன். பகை உள்ள இடத்திலும் இது நடந்திருக்கிறது.

சீனாவின் துன்ஹுவாங் குகைகளிலிருந்து 1907இல் ஆரல் ஸ்டெயின் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆயிரக்கணக்கான சுவடிகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அடுத்த வருடம் பிரெஞ்சுக்காரர் பெல்லியோ வந்தார். ஸ்டெயினைச் சீனாவில் இன்றும் திருடன் என்கிறவர்கள் உண்டு. அப்படியிருந்தும் 1994இல் தொடங்கிய சர்வதேச துன்ஹுவாங் திட்டத்தில் லண்டன், பெய்ஜிங், பாரிஸ், பெர்லின், பீட்டர்ஸ்பர்க் நூலகங்கள் சேர்ந்தன. மூலம் யாருடையது என்ற சண்டை முடியவில்லை. படங்களை மட்டும் பொதுவில் வைத்தார்கள். ஒரே குகையில் இருந்து பிரிந்துபோன சுருள்களை இன்று ஒரே திரையில் தேடலாம். சண்டை தீரட்டும் என்று காத்திருந்தால் இன்னொரு நூறு வருடம் போயிருக்கும்.

ஈயெழுத்து

சென்னையில் சின்னப் பதிப்பகம் நடத்துகிறேன். யாரும் தொடாத பக்கத்திலிருந்து கேட்கிறேன். பதிப்புரிமை என்ன ஆகும்?

1960இல் இறந்த ஒரு எழுத்தாளரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இறப்புக்குப் பின் 60 வருடம், ஆகவே 2021 முதல் அவர் நூல் பொதுச்சொத்து. இலங்கையில் 70 வருடம், 2030 முடியும்வரை உரிமை இருக்கிறது. அமெரிக்காவில் பழைய நூல்களுக்குக் கணக்கே வேறு, வெளிவந்த ஆண்டிலிருந்து 95 வருடம். ஒரே நூல், மூன்று பூட்டு. உங்கள் பொது நூலகம் எந்தச் சாவியால் திறக்கும்?

யாருக்கும் உரிமை இல்லாத பழம்பாடலாகவே இருந்தாலும், ஐந்து சுவடிகளை ஒப்பிட்டு, சுவடிக்குச் சுவடி மாறும் பாடபேதம் குறித்து, அருஞ்சொல் அகராதி சேர்த்துப் பதிப்பித்தவரின் உழைப்பு ஒன்று இருக்கிறது. போன வருடம் நான் போட்ட ஒரு பதிப்புக்கு இரண்டு பேர் நாலு வருடம் உட்கார்ந்தார்கள். 300 பிரதி அடித்தேன். அது ஒரு நாள் முழுசாக ஸ்கேனாகி இணையத்தில் ஏறினால் அடுத்த பதிப்புக்கு நான் எங்கே போவேன்?

இந்திய மின்னூலகம் என்ற திட்டத்தில் இதுதான் நடந்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து லட்சக்கணக்கில் ஸ்கேன் செய்தார்கள். பழையதோடு உரிமை உள்ள நூல்களும் கலந்து ஏறின. கடைசியில் தளமே நின்றுபோனது.

ஒலிநூல்

திருச்சியில் பள்ளி ஆசிரியை. பார்வை இல்லாதவள். ஈயெழுத்து ஐயா கேட்ட பூட்டுக்கு ஒரு சாவி ஏற்கெனவே இருக்கிறது, நான் அதை வைத்துத்தான் படிக்கிறேன்.

2013 ஜூனில் மொராக்கோவின் மராகேஷ் நகரில் ஒரு உடன்படிக்கை ஏற்கப்பட்டது. அச்சுப் படிக்க முடியாதவர்களுக்காக ஒரு நூலைப் பிரெய்லாகவோ ஒலியாகவோ மாற்ற உரிமையாளரின் அனுமதி வேண்டாம், மாற்றியதை வேறு நாட்டுக்கும் அனுப்பலாம் என்று அது சொல்கிறது. முதலில் ஒப்புதல் கொடுத்த நாடு இந்தியா, 2014இல். 20 நாடுகள் சேர்ந்ததும் 2016 செப்டம்பர் 30இல் நடைமுறைக்கு வந்தது. பிறகு இலங்கையும் சேர்ந்தது. யாரையும் யாரும் இழுத்து வரவில்லை.

நான் எம்.ஏ. படித்தபோது பாடநூலைத் தோழி மாலையில் வாசிப்பாள், நான் கேஸட்டில் பதிவேன். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் எனக்குப் பாடம் இல்லை. ஒரு நாட்டில் ஒருமுறை மாற்றிய நூலை இன்னொரு நாட்டில் மறுபடி மாற்றத் தேவையில்லை என்பதன் அருமை அப்படிப் படித்தவர்களுக்குத் தெரியும்.

ஈயெழுத்து

அம்மா, அந்த உடன்படிக்கையை நான் முழு மனதோடு ஏற்கிறேன். யாருக்கு, எதற்கு என்று அது எல்லை கட்டியிருக்கிறது. அதே எல்லையை எல்லா வாசகருக்கும் விரித்தால் ஏற்க மாட்டேன்.

வடமராட்சியான்

அக்கா சொன்னதிலிருந்தே என் வாதத்தை எடுக்கிறேன். மராகேஷ் உடன்படிக்கையில் கட்டடம் இல்லை, ஒரே சேர்வர் இல்லை. இன்னாருக்கு இன்னது கொடுக்கலாம் என்ற விதி மட்டும்தான். நூல் அந்தந்த இடத்திலேயே இருக்கிறது, தேவைப்படும்போது கடக்கிறது.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்று 2023 அக்டோபரில் பார்த்தோம். பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை ஹேக்கர்கள் முடக்கினார்கள். அழியும் நிலையில் உள்ள ஆவணங்களுக்கான அதன் திட்டத்தில், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எடுத்த படங்களும் உண்டு, அவையெல்லாம் மாதக்கணக்கில் இணையத்தில் கிடைக்கவில்லை.

இன்னொன்று. விரும்பிச் சேரலாம் என்றால் விரும்பி விலகவும் செய்யலாம். உங்கள் உலக மின்னூலகம் திறந்த யுனெஸ்கோவையே பாருங்கள். அமெரிக்கா 1984இல் விலகியது, 2003இல் திரும்பியது, 2018இல் விலகியது, 2023இல் திரும்பியது, 2025இல் மறுபடி விலகப்போவதாக அறிவித்தது. இப்படி ஒரு நாடு உங்கள் நூலகத்தில் சேர்ந்து, ஆட்சி மாறியதும் "என் நூல்களை எடு" என்றால் என்ன செய்வீர்கள்? எங்கள் ஆட்களின் நூலாக இருந்தால் அது இரண்டாம் முறை எரிவது மாதிரி.

தாமிரபரணி

இரண்டு நாள் பதில் எழுதவில்லை, மன்னிக்கவும். தம்பியின் கடைசிப் பத்தி தூங்க விடவில்லை.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சித்த வைத்தியர் வீட்டுப் பரணிலிருந்து ஏட்டுக்கட்டு ஒன்றை இறக்கினோம். கட்டியிருந்த கயிறு தொட்டதும் பொடிந்தது. முதல் சில ஏடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. லெமன் கிராஸ் எண்ணெயில் நனைத்த பஞ்சால் ஓரத்திலிருந்து துடைத்துத் துடைத்துப் பிரித்தோம், பகல் முழுக்க 11 ஏடுதான். சில இடத்தில் மருந்தின் பெயர் இருந்தது, அளவு இருந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது. எல்லாவற்றையும் படம் எடுத்து ஹார்டு டிஸ்கில் போட்டு ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். ஆறு வருடம் கழித்துக் கேட்டபோது டிஸ்க் ஓடவில்லை என்றார்கள். வைத்தியர் வீட்டுக்கு ஓடினேன். அவர் காலமாகியிருந்தார். வீடு இடித்துக் கட்டியபோது கட்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே "ஓரிடத்தில் வைக்காதே" என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரிட்டிஷ் நூலகத்தின் அந்தத் திட்டத்தில் ஒரு நல்ல விதி உண்டு: மூலம் சொந்த நாட்டிலேயே இருக்கும், படங்களின் ஒரு நகல் உள்ளூர் நிறுவனத்திலும் இருக்கும். ஈயெழுத்து சொன்ன இந்திய மின்னூலகம் நின்றுபோனாலும் அதன் நூல்களை இன்று நாம் படிக்க முடிவது, இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் நகல் இருப்பதால்தான். ஆக, என் முதல் பதிவை மூன்று இடத்தில் திருத்துகிறேன். ஒவ்வொரு நகலும் குறைந்தது மூன்று நாடுகளில் இருக்க வேண்டும். நாடு விலகலாம், கொடுத்த நகலை மட்டும் திரும்பக் கேட்க முடியாது என்று சேரும்போதே எழுதி வாங்க வேண்டும். உரிமை உள்ள நூலின் பட்டியல் மட்டும் ஏறட்டும், நூல் உரிமை முடிந்த பிறகு ஏறட்டும்.

நாடுகளை விட்டுவிடச் சொல்வதை மட்டும் ஏற்க முடியவில்லை. தன்னார்வலர்கள் 20 வருடம் ஓடுவார்கள், அப்புறம் சேர்வர் வாடகை யார் கட்டுவது? ஐரோப்பாவின் பொது மின்னூலகமான யூரோப்பியானா 2008 நவம்பரில் தொடங்கி இன்று 5 கோடிக்கும் மேற்பட்ட பொருட்களோடு நிற்கிறது என்றால், பின்னால் ஐரோப்பிய ஆணையத்தின் பணம் இருக்கிறது.

வடமராட்சியான்

திரும்பக் கேட்க முடியாது என்ற விதியை வைத்தால் பாதித் தூரம் உங்களோடு வருகிறேன் ஐயா. மீதிப் பாதிக்கு ஒரு நிபந்தனை. கையெழுத்துப் போடும் உரிமை நாட்டுக்கு மட்டும் இருக்கக் கூடாது. ஒரு கிராமத்து வாசிகசாலை, ஒரு கோயில், ஒரு தனியாள் சேகரிப்பு, இவர்களும் தங்கள் அரசைக் கேட்காமல் நேரே சேர முடிய வேண்டும். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் சேர்த்ததுதானே இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. பணம் நாடுகள் கட்டட்டும், கதவைத் திறக்கும் சாவி அவர்களிடம் மட்டும் வேண்டாம். இதற்கு எந்த அரசு சம்மதிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. சம்மதிக்காத வரைக்கும் நான் எதிர்ப்பக்கம்தான்.

ஒலிநூல்

நீங்கள் எல்லோரும் படம் படம் என்கிறீர்கள். ஏட்டின் படத்தை என் கணினி வாசிக்காது. "படம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். 19,000 என்றாலும் 5 கோடி என்றாலும் எனக்கு அது ஒரே சொல். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தில் 1998இலிருந்து ஆட்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்தது மட்டும் அப்படியே ஒலிக்கிறது, சங்கப்பாடலை நான் கேட்டதே அதில்தான். தாமிரபரணி ஐயா, உங்கள் திருத்தத்தில் நாலாவதாகத் தட்டச்சு செய்த எழுத்து வடிவத்தையும் சேர்ப்பீர்களா? சேர்த்தால் வாரம் 10 பக்கம் பிழை திருத்தித் தர நான் தயார்.

தாமிரபரணி

சேர்த்தேன் அம்மா. முதல் 10 பக்கம் இன்று இரவு அனுப்புகிறேன். ஒரு பழைய மருத்துவ நூல், உரிமை முடிந்தது. ஈயெழுத்து, அதன் சொற்களை நீங்கள் ஒருமுறை பார்த்துத் தருவீர்களா?