மால்போர்க்கில் பழைய செங்கல்லும் புதுச் செங்கல்லும்

நாடோடி:
போலந்தில் கிடான்ஸ்க்கிலிருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மால்போர்க். நோகாட் ஆற்று மரப்பாலத்தைத் தாண்டி, அக்கரையில் நின்று முதலில் பாருங்கள். கண்ணுக்கு எட்டும் வரை செங்கல். 13-ஆம் நூற்றாண்டில் டியூட்டானிக் சபை என்ற ஜெர்மானியக் கிறிஸ்தவ அமைப்பின் துறவி வீரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை. 1309-இல் சபையின் தலைமையிடமே வெனிஸிலிருந்து இங்கே வந்துவிட்டது. 1410-இல் போலந்துப் படை முற்றுகையிட்டும் கோட்டை பிடிபடவில்லை. 1457-இல் சம்பளப் பாக்கிக்காகக் கூலிப்படையினர் இதைப் போலந்து மன்னருக்கே விற்றுவிட்டார்கள்!

கோடைகால உணவுக்கூடத்தில் மொத்த வளைகூரையும் ஒரே ஒரு கருங்கல் தூணில் நிற்கிறது. கணப்புக்கு மேலே சுவரில் ஒரு கல்குண்டு பதிந்திருக்கிறது. முற்றுகையின்போது அந்தத் தூணைக் குறிவைத்து எறிந்தது என்று சொல்கிறார்கள். இன்னொரு கூடத்தில் தரையில் வட்ட வட்டமாகத் துளைகள். கீழே அடுப்பில் கற்களைப் பழுக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டை இவற்றின் வழியாக மேலே விட்டிருக்கிறார்கள்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயம். 1882 முதல் 40 ஆண்டுகள் கான்ராட் ஸ்டைன்பிரெக்ட் என்ற கட்டடக்கலைஞர் இந்தக் கோட்டையைச் சீராக்கினார். 1945 போரில் பாதிக்கு மேல் நொறுங்கிப்போனது. ஆலயத்தின் வளைகூரை திரும்ப வந்தது 2016-இல்தான். உடைந்த சிற்பங்களுக்கு மூக்கும் கையும் ஒட்டவில்லை. சுவரில் மிஞ்சிய ஓவியத் துண்டுகளை அப்படியே விட்டிருக்கிறார்கள். பழைய செங்கல் ஓரம் சிதைந்து கறுத்திருக்கிறது, புதுசு கூர்மையாகச் சிவந்திருக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். பூச்சு பூசி மறைக்க யாரும் நினைக்கவில்லை. சீரமைப்பு என்றால் எனக்கு இதுதான்.

கொத்தனார் மகன்:
அக்கா, நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் பிரான்ஸில் கார்க்கசோன் கோட்டையைப் பார்த்த பிறகு எனக்கு மனம் கொஞ்சம் மாறியது. 1849-இல் அந்தக் கோட்டையை இடிக்க அரசே முடிவு செய்திருந்தது. உள்ளூர்க்காரரான க்ரோ-மேய்ரவியேயும் இன்னும் சிலரும் போராடித் தடுத்தார்கள். 1853-இலிருந்து வியோலே-லெ-டுக் என்ற கட்டடக்கலைஞர் சீரமைத்தார். கோபுரங்களுக்குக் கூம்புக்கூம்பாக ஸ்லேட் கூரை போட்டார். அந்தத் தெற்குப் பகுதியில் வழக்கம் ஓட்டுக்கூரை, அதனால் இன்றுவரை அவரைத் திட்டுகிறார்கள். எனக்கும் அது உறுத்தியது. அப்புறம் உள்மதிலின் அடியில் ரோமானியர் காலத்துச் சுவரைப் பார்த்தேன். கையடக்கமான கற்கள், நடுநடுவே மெல்லிய செங்கல் வரிசை, அத்தனையும் மட்டம் பிசகாமல் ஓடுகின்றன. அப்பா பார்த்திருந்தால் நூல் பிடித்துப் பார்த்திருப்பார். வியோலே-லெ-டுக் வராமல் போயிருந்தால் இந்த வரிசை என் கண்ணில் பட்டிருக்காதே.

நாடோடி:
உண்மைதான் தம்பி. அந்த ஸ்லேட் கூரையை நானும் மன்னித்துவிடுகிறேன். மால்போர்க் போனால் ஆலயத்தின் தங்க வாசலைத் தவறவிடாதீர்கள். 13-ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு, 1945-க்கும் தப்பியது. பைபிள் உவமையில் வரும் கன்னியரைச் செதுக்கியிருக்கிறார்கள்: ஒரு பக்கம் விளக்கோடு காத்திருக்கும் புத்தியுள்ள கன்னியர், மறுபக்கம் எண்ணெய் இல்லாத கன்னியர். அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதில் எனக்குத் திரும்பும் ரயில் போய்விட்டது.