மகுடம் வைத்த ‘சி’: வயதைச் சொல்லுமா?

கடிகாரப்பித்தன்: மரவேலைமணி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பிரெஞ்சுக் கடிகாரத்தின் தங்கமுலாம் வெண்கலத்தில் மகுடத்தோடு ‘சி’ (C) எழுத்து இருந்தால், அது 1745–1749க்குள் செய்ததேதானாம். அது வரி முத்திரை ஐயா! 1745 மார்ச் முதல் 1749 பிப்ரவரி வரை செம்புக் கலப்புச் சாமான்களுக்குப் போட்ட வரி. அப்போது கைமாறிய பழைய சாமானிலும் குத்தினார்கள். பிரெஞ்சு மரச்சாமான் கலைஞர் ஆந்த்ரே ஷார்ல் பூல் 1732-லேயே இறந்துவிட்டார். அவர் பட்டறை வேலைகளிலும் அந்த ‘சி’ இருக்கிறதே!

மரவேலைமணி: வரி என்று எனக்கும் தெரியும், பாடம் வேண்டாம். புதுச் சாமான்தான் அதிகம் விற்றிருக்கும். ‘சி’ இருந்தால் அந்தக் காலம்தான்.

கடிகாரப்பித்தன்: அதிகம் வேறு, எல்லாம் வேறு. ஆந்த்ரே ஷார்ல் பூல் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

வைகைக்கரை: ‘சி’ என்றால் கஃபியேரி என்ற வெண்கலக் கலைஞரின் முதலெழுத்து இல்லையா?

கடிகாரப்பித்தன்: அந்தக் கதையை ஆராய்ச்சியாளர் ஆன்றி நோக் 1924-லேயே முடித்துவைத்துவிட்டார். வரி முத்திரை, வரி முத்திரை, வரி முத்திரை!

செம்பருத்தி: முத்திரையே உண்மையா என்று முதலில் பாருங்கள். முத்திரை உள்ள அசலை அச்சாக வைத்து நகல் வார்த்தால் ‘சி’யும் கூடவே வந்துவிடும். ஆனால் ஓரம் மழுங்கி, மகுடத்தின் நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். உளியால் குத்தியது கூர்மையாக இருக்கும்.

மரவேலைமணி: நான் போட்ட என் கடிகாரப் படத்தில் கூர்மையாகவே இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்த பிறகு இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

செம்பருத்தி: புளியா?! தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்கிய வேலை அது. அந்தப் புகையைச் சுவாசித்தே முலாம்காரர்கள் உடம்பு கெட்டுப் போனார்கள். மிஞ்சுவது மெல்லிய தங்கப் படலம். அதைக் குத்துவிளக்கு மாதிரி தேய்ப்பதா?

மரவேலைமணி: என் பொருள், என் புளி. தேக்கு நாற்காலி விவாதத்திலும் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டுதான் என் மேல் பாய்ந்தீர்கள். மறக்கவில்லை.

வைகைக்கரை: அந்த நாற்காலி தேக்கே இல்லையே.

மரவேலைமணி: தேக்குதான்!

கடிகாரப்பித்தன்: நாற்காலியை விடுங்கள். 1732-ல் செத்தவர் 1745-ல் எப்படிக் கடிகாரம் செய்தார்? மூன்றாவது முறை கேட்கிறேன்.

மரவேலைமணி: அவர் மகன்கள் பட்டறையை நடத்தினார்களே. அவர்கள் செய்திருக்கலாம்.

கடிகாரப்பித்தன்: செய்திருக்க‘லாம்’! நேற்று ‘செய்ததேதான்’ என்றீர்கள்.

மரவேலைமணி: ‘சி’ இருக்கிறது. அந்தக் காலம்தான்.