மூணு அபூர்வ குய் ரென் ஜாதகம்: சின்சேகிட்ட நேர்ல பார்த்தவங்க அனுபவம் சொல்லுங்க

லயத்துப்பையன்_ஈப்போ

ரொம்ப நாளா மனசுல கெடந்து குடையுது, அதான் எழுதறேன். பா ஸி (பொறந்த வருஷம், மாசம், நாள், நேரம் நாலுக்கும் மேல ஒண்ணு கீழ ஒண்ணா எட்டு எழுத்து போட்டுப் பாக்கற சீன ஜாதகம்) பத்தி இங்க எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வரேன். எங்கக்கா 1974 சித்திரையில பொறந்தவ. மேல் எழுத்து மூணும் ஜியா வருஷம், வூ மாசம், கெங் நாள். சான் ச்சி குய் ரென்ல (மூணு எழுத்து சேர்ந்து வந்தா கைகுடுக்கற பெரிய மனுஷன் வருவான்ங்கற யோகம்) வானத்து மூணுன்னு சொல்ற அதே வரிசை, ஒண்ணுகூட இடம் மாறல. இதெல்லாம் அப்ப எங்களுக்கு யாருக்குத் தெரியும், எங்க பாட்டிக்குத் தெரிஞ்சதெல்லாம் சித்திரையில புள்ள பொறந்தா குடும்பத்துக்கு ஆகாதுங்கறது ஒண்ணுதான், அத அக்கா காது படவே சொல்லிச் சொல்லி வளர்த்துச்சு.

அப்பா ஒரு தவுக்கேகிட்ட (சீன முதலாளி) லோரி ஓட்டினாரு. தவுக்கே புதுக் கடை திறக்க நாள் பாக்கணும்னு ஈப்போ பழைய டவுன்ல ஒரு சின்சே, அதான் சீன ஜோசியர்கிட்ட போனாரு, அவரு கார்ல முன்னாடி, நாங்க அப்பாவோட லோரியில பின்னாடி, ஸ்கூல் லீவு வேற. தவுக்கே வேலை முடிஞ்சதும் விளையாட்டுக்குத்தான் சொன்னாரு, இந்தப் பொண்ணுக்கும் பாருங்கன்னு. அப்பா சட்டைப்பையில அக்காவோட சூராட் பெரானாக் (பொறப்புப் பத்திரம்) இருந்துச்சு, ஏன் இருந்துச்சுன்னு இப்ப ஞாபகம் இல்ல.

கிழவர் தடிமனான அந்தக் காலண்டர் புஸ்தகத்தப் புரட்டி எட்டு எழுத்தையும் எழுதினாரு. எழுதிட்டு ஒண்ணும் பேசல. மேஜை டிராயர்லேர்ந்து ஸ்கூல் எக்ஸசைஸ் புக் ஒண்ண எடுத்து, அதுல அக்காவோட எட்டு எழுத்தையும் அப்படியே காப்பி பண்ணாரு. நான் பக்கத்துலயே நின்னேன். அந்தப் பக்கம் பூரா இதே மாதிரி வேற யார் யாரோட ஜாதகமோ ரெண்டு வரிசையா இருந்துச்சு, சிலதுக்குப் பக்கத்துல சிவப்பு மையில வட்டம், சிலதுக்கு இல்ல. "ஆப்பா இனி, என்ன இது?"ன்னு நான் அந்த வட்டத்துல வெரல வச்சேன். கிழவர் என் கையத் தட்டி விடல, மெதுவா நகத்தி வச்சிட்டு புக்க மூடிட்டாரு. அப்புறம்தான் தவுக்கேகிட்ட கான்டனீஸ்ல என்னமோ சொன்னாரு, நீளமா. வரும்போது லோரியில வந்த அக்கா திரும்பும்போது தவுக்கே கார்ல முன் சீட்டு!

அன்னையிலேர்ந்து ஃபோர்ம் ஃபைவ் வரைக்கும் அக்கா படிப்புச் செலவு தவுக்கேதான். தன்னோட 'கை லுய்'னு, அதான் வளர்ப்பு மகளா எடுத்துக்கிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டாரு. அக்கா இப்ப நல்லாத்தான் இருக்கா. என் கேள்வி ஒண்ணுதான். அந்தச் சிவப்பு வட்டம் என்னது? யாராவது சின்சே வீட்டுல இந்த மாதிரி நோட்டுப் பாத்திருக்கீங்களா?

வாட்டர்லூ_அண்ணி

வட்டம் பத்தித் தெரியாது தம்பி, ஆனா ஜியா வூ கெங்னு பாத்ததும் எனக்கு வயிறு எரியுது, ஏன்னா எனக்கும் அதேதான். 1984 ஏப்ரல். ஆனா என் நாள் கெங்-சென் (மேல கெங், கீழ டிராகன்), அதாவது குய் காங். கெங்-சென், கெங்-ஷூ, ரென்-சென், வூ-ஷூ இந்த நாலு நாள்தான் குய் காங். ஆம்பளைக்கு வந்தா படைத்தலைவன், பொம்பளைக்கு வந்தா புருஷனுக்கு ஆகாதுன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க.

என் வீட்டுக்காரர் சீனர். கல்யாணப் பேச்சு வந்தப்ப அவங்கம்மா என்னை சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. குவான் இம் கோயில்ல கும்பிட்டு, பக்கத்துல நம்ம கிருஷ்ணன் கோயில் வாசல்லயும் ஊதுபத்தி வச்சாங்க (அங்க சீனர் கூட்டம் எப்பவும் அப்படித்தான், ரெண்டுலயும் கும்பிடுவாங்க). வெளிய உக்காந்திருக்கற ஒரு ஆளுகிட்ட என் தேதியக் குடுத்தாங்க. அந்தாளு முதல்ல முகமெல்லாம் சிரிப்பா மூணு குய் ரென் இருக்கு, அதுவும் வரிசையா இருக்கு, லட்சத்துல ஒண்ணுன்னு ஆரம்பிச்சான். அத்தைக்கு வாயெல்லாம் பல்லு. அப்புறம் நாளோட எழுத்துல வெரல் வச்சான், சிரிப்பு போச்சு. "பையனா இருந்தா ஜெனரல் ஆகியிருக்கும்"னான்.

அத்தை என்ன பண்ணாங்க தெரியுமா, என் பக்கம் திரும்பி ரொம்ப அன்பா கேட்டாங்க, உங்கம்மாவக் கேட்டுப் பாரேன், பொறந்த நேரம் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம்லன்னு. கெட்டது நாள்ல இருக்கு, நேரத்த மாத்தி என்ன பண்றது! அது அந்தாளுக்கும் தெரியும், ஆனா காசு வாங்கறவன் வாயத் தொறக்கல, இன்னும் பத்து வெள்ளி குடுத்தா பரிகாரம் பாக்கலாம்ங்கற மாதிரி பாத்தான். கல்யாணம் நடந்துச்சு, அது வேற கதை. இப்ப அத்தை மாஜோங் கூட்டாளிங்ககிட்ட என் மருமவளுக்கு மூணு குய் ரென்னு பீத்திக்கறாங்க. குய் காங் பத்தி மூச்சு விடறதில்ல.

கணக்குப்புலி

லட்சத்துல ஒண்ணாம்! அண்ணி, உங்கள ஏமாத்தியிருக்கான். தம்பி, நீங்களும் கேளுங்க.

மாசத்தோட எழுத்து தனியா வர்றதில்ல, வருஷ எழுத்துதான் அத முடிவு பண்ணும். ஜியா வருஷத்துல வூ மாசம் ஒண்ணே ஒண்ணுதான், டிராகன் மாசம், ஏப்ரல் 5 வாக்குல ஆரம்பிச்சு மே 5 வாக்குல முடியும். அந்த முப்பது நாள்ல கெங் நாள் பத்து நாளைக்கு ஒண்ணு, ஆக மூணு நாள். ஜியா வருஷம் பத்து வருஷத்துக்கு ஒண்ணு. 1974ல ஏப்ரல் 9, 19, 29. 1984ல ஏப்ரல் 6, 16, 26. இந்த நாள்ல உலகத்துல எங்க பொறந்த புள்ளயா இருந்தாலும், காலையோ ராத்திரியோ, எல்லாத்துக்கும் மூணு குய் ரென்தான். சுமாரா ஆயிரத்து இருநூறு பேர்ல ஒருத்தர். இது வருஷம்-மாசம்-நாள் கணக்கு மட்டும்தான், மாசம்-நாள்-நேரம்னு வர்ற வகை தனி, அதுக்கு மேல பூமி மூணு யி-பிங்-திங், மனுஷ மூணு ரென்-குய்-ஷின் இருக்கு. எல்லாத்தையும் கூட்டினா பெரிய ஸ்கூல் அசெம்பிளில நாலஞ்சு பேராவது நிப்பாங்க.

எனக்கே சொன்னாங்க இருக்குன்னு. நான் பினாங்கு, 1979 அக்டோபர் கடைசி, மத்தியானம் மூணு இருபது. ஜியா மாசம், வூ நாள், மூணுலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் கெங்-ஷென் (குரங்கு) நேரம். வரிசை பக்காவா வந்துருச்சு. ஹாங்காங்குல வேலை பாத்தப்ப வோங் தாய் சின் கோயில் பக்கத்துல வரிசையா இருக்கற ஜோசியக் கடையில ஒரு அம்மா பாத்தாங்க. அந்தம்மா எந்த ஊர்ல பொறந்தேன்னு கேட்டுட்டு கால்குலேட்டர எடுத்தாங்க. பினாங்கு தீர்க்கரேகை 100.3. நம்ம ஊர் கடிகாரம் அப்ப 112.5க்கு வச்சது. ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம், நாப்பத்தொம்பது நிமிஷம் கழி. அக்டோபர் கடைசியில சூரியன் பதினாறு நிமிஷம் முந்தும், அதக் கூட்டு. ஆக என் நிஜ சூரிய நேரம் ரெண்டே முக்கா. ரெண்டே முக்கான்னா ஆட்டு நேரம், கெங் இல்ல, ஜி. கால்குலேட்டர என் பக்கம் திருப்பி 2:47னு காட்டினாங்க. அவ்ளோதான், என் ராஜ வாழ்க்கை அங்கயே முடிஞ்சுது. நான் குடுத்த காசு மட்டும் திரும்பி வரல.

தம்பி, உங்கக்கா விஷயத்துல ஜாதகமா பலிச்சுது? தவுக்கேதான் பலிக்க வச்சாரு. சின்சே சொன்னத நம்பி தவுக்கே காசு போட்டாரு, குய் ரென்னா கைகுடுக்கற பெரிய மனுஷன், அந்தப் பெரிய மனுஷனே அவருதான். ஜாதகத்தப் பாக்காம இருந்திருந்தா அந்தக் குய் ரென் வந்திருக்கவே மாட்டாரு.

லயத்துப்பையன்_ஈப்போ

அண்ணே அது சரி, ஆனா அதத்தானே ஜாதகமும் சொல்லுது, எவனாவது ஒருத்தன் வந்து தூக்கி விடுவான்னு. எப்படி வந்தான்னு அது சொல்லலயே. பாட்டி பேச்சக் கேட்டு வளர்ந்த புள்ளைக்கு அந்த வயசுல ஒருத்தர் வந்து நீ பெரிய ஆளுன்னு சொன்னாரு பாருங்க, எனக்கு அது போதும். என் கேள்வி வட்டம் பத்தி.

பழைய_புத்தகப்_பிரியை

என் அனுபவம் சின்னது, தைப்பேயில லோங்ஷான் கோயில்கிட்ட கீழ்த்தளக் கடைத்தெருவுல ஒருத்தர் எனக்குப் பாத்தாரு, மூணும் இருக்கு ஆனா வரிசை கலைஞ்சிருச்சுன்னாரு, கெங் முன்னாடி வந்து ஜியா பின்னாடி. சரின்னு எந்திரிச்சு வந்துட்டேன். ஆனா இங்க பேசறதப் பாத்தா சில விஷயம் சொல்லணும், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க.

கணக்குப்புலி சொன்ன கணக்கு சரி, ஆனா அதோட நிறுத்திட்டாரு. மூணு எழுத்து வந்தா மட்டும் போதும்னு எந்தப் பழைய நூலும் சொல்லல. மிங் காலத்துல வான் மின்யிங் தொகுத்த சான் மிங் தோங் ஹுய் மாதிரி நூலெல்லாம் நிபந்தனைமேல நிபந்தனை போடும். முதல்ல வரிசை. அப்புறம் தியான் யிங்கற இன்னொரு குய் ரென் கூட இருக்கான்னு பாக்கணும். ஜியா, வூ, கெங் மூணுக்குமே தியான் யி எருதும் ஆடும்தான், அதனால கீழ் வரிசை மிருக எழுத்துல எருதோ ஆடோ இருந்தா பலம் கூடும். எதிரெதிர் மிருகம் மோதல் இருக்கான்னு பாக்கணும், சூன்யத்துல விழுதான்னு பாக்கணும், நாள் எழுத்து அந்த மாசத்துல தெம்பா இருக்கா நொந்து கெடக்கான்னு பாக்கணும். சோங் காலத்து ஜோசியர் ஷூ ஸிபிங்குக்கு அப்புறம் நாள் எழுத்துதான் ஆளு, மத்ததெல்லாம் அவனச் சுத்தி இருக்கறவங்க. ஆளே படுத்துக் கெடந்தா மூணு குய் ரென் வந்து வாசல்ல நின்னு என்ன புண்ணியம்?

நேரம் பத்தி. மலேசியா சிங்கப்பூர்க்காரங்க கவனமா இருங்க. 1982 ஜனவரி 1லேர்ந்து நம்ம கடிகாரத்த அரைமணி முன்னால தள்ளி வச்சிட்டாங்க, அதுக்கப்புறம் பொறந்தவங்க 120 டிகிரிய வச்சுக் கழிக்கணும், பினாங்குன்னா ஒண்ணேகால் மணிக்கு மேல போயிரும். சீனாவுல பொறந்தவங்களா இருந்தா 1986லேர்ந்து 1991 வரைக்கும் கோடை நேரம் வச்சிருந்தாங்க, அதையும் பாக்கணும். இதெல்லாம் கேக்காம நேரத்துல குய் ரென் இருக்குன்னு சொல்ற ஆளுகிட்ட அடுத்த கேள்வியே கேக்காதீங்க. வருஷமும் சீனப் புத்தாண்டுல மாறாது, பிப்ரவரி 4 வாக்குல வசந்தம் ஆரம்பிக்கற லி சுன்ல மாறும், ஜனவரியில பொறந்துட்டு புது வருஷ மிருகத்தச் சொல்லிக்கிட்டுத் திரியறவங்க எத்தன பேரு! அப்புறம் குய் ரென்ன எழுப்பி விடறேன்னு பிஷியுங்கற அதிர்ஷ்ட மிருக பொம்மை, ஜேடு வளையல் விக்க வந்தா எந்திரிச்சு வந்துருங்க, எந்தப் பழைய நூல்லயும் கடையில வாங்கற குய் ரென் கெடையாது.

அண்ணி, குய் காங்குக்காக வருத்தப்படாதீங்க. பொம்பளைக்கு ஆகாதுங்கறது வீட்டுக்குள்ளயே கெடந்த பொம்பளைய வச்சு எழுதினது. முடிவெடுக்கற குணம்தானே அதுல கெட்டதா எழுதியிருக்கு?

இன்னொண்ணு. சக்கரவர்த்தி ஜாதகம்னு ரெண்டத்தான் எல்லாரும் காட்டுவாங்க. 1711ல பொறந்த சியென்லோங்குக்கு எலி, குதிரை, முயல், சேவல் நாலும் கீழ வரிசையில இருக்கு. மிங் வம்சத்த ஆரம்பிச்ச ஜூ யுவான்ஜாங்குக்கு டிராகன், நாய், எருது, ஆடு நாலும். ரெண்டுலயும் நேருக்கு நேர் மோதல்தான். சாதாரண ஆளுக்கு அதே வந்தா சின்சே உச்சு கொட்டுவாரு. ஜூ யுவான்ஜாங் தன்னோட ஜாதகமே இருக்கற ஆளத் தேடிப் பிடிச்சாராம், பாத்தா அவன் தேனீ வளக்கறவன்னு ஒரு கதை சொல்லுவாங்க. தேனீக்கு ராஜாவா இருந்தான்னு சீனர்களே சமாளிச்சுக்குவாங்க.

வாட்டர்லூ_அண்ணி

அக்கா, நான் வருத்தப்படறேன்னு எங்க சொன்னேன்? எரிச்சல்தான் படறேன். பத்து வெள்ளிக்காக.

சின்சே_பேத்தி_புருஷன்

வட்டம் பத்தி எனக்குத் தெரியும்னு நெனைக்கிறேன். என் மனைவியோட தாத்தா இதே தொழில்தான், தைப்பிங். அவர் மாதிரி ஆளுங்க அபூர்வமா வர்ற ஜாதகத்த நோட்டுல எழுதி வச்சுக்குவாங்க, பின்னாடி அந்த ஆளு எப்படி ஆனான்னு கேட்டுக் கேட்டுக் குறிச்சுக்குவாங்க, அவங்களுக்கு அதுதான் பாடப் புஸ்தகம். தாத்தா நோட்டுல சிவப்பு, நூல் சொன்னபடி நடந்துச்சுங்கறதுக்கு. உங்க கிழவர் என்ன அர்த்தத்துல போட்டாரோ, ஆளுக்கு ஆள் மாறும். தாத்தா நோட்டுல வட்டம் இல்லாததுதான் அதிகம்.

லயத்துப்பையன்_ஈப்போ

அப்ப அக்காவுக்கு அவரு வட்டம் போட்டாரா இல்லையான்னு தெரியாமலே போயிருச்சே. தவுக்கே அதுக்கப்புறம் அவரப் போய்ப் பாத்தாரான்னு அப்பாகிட்ட கேக்கணும். நன்றிண்ணே.

புதுசு_க்ளாங்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்ன டவுட், என் பையன் ராத்திரி 11.20க்கு க்ளாங்ல பொறந்தான், கிளினிக் அட்டையில அப்படித்தான் இருக்கு. எலி நேரம் 11 மணிக்கே ஆரம்பிக்குதாம், அதனால மறுநாள் கணக்குன்னு ஒரு ஆப் காட்டுது, மறுநாள்னா மூணு குய் ரென் வருது, அன்னைக்கேன்னா வரல. எது சரி?

பழைய_புத்தகப்_பிரியை

11 மணிக்கே நாள் மாறும்னு ஒரு கூட்டம், 12 மணிக்குத்தான்னு இன்னொரு கூட்டம், ரெண்டு பேரும் காலங்காலமா அடிச்சுக்கறாங்க. உங்க பையனுக்கு அந்தச் சண்டையே வேணாம். க்ளாங்குக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல கழிச்சுப் பாருங்க, பத்து மணி பக்கம் வரும், அது எலி நேரமே இல்ல, பன்னி நேரம்.

கணக்குப்புலி

வாங்க புதுசு, நம்ம கட்சிக்கு.