பயனர் சங்கத்துக்குச் சந்தா கட்டலாமா? எல்ஹெச்சி ஆட்கள் கருத்துச் சொல்லுங்கள்

மிட்வெஸ்ட்_மியூவான்:
அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருந்துகொண்டு ஜெனீவா பக்கத்து எல்ஹெச்சி துகள் மோதுவியில் வேலை செய்பவர்கள் இங்கே சிலராவது இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். எங்கள் துறையில் இந்த வாரம் ஒரு சின்னச் சண்டை. ஆய்வுக்கூடங்களின் கருவிகளை வைத்து ஆராய்ச்சி செய்யும் துகள் இயற்பியல் பயனர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை, அதை நடத்தும் பணம் எங்கிருந்து வர வேண்டும் என்பதில்தான் தகராறு. ஒரு தரப்பு, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுச் சந்தா கட்டி, தனியாகப் பதிவு செய்த அமைப்பாக நடத்த வேண்டும் என்கிறது. மற்றவர்கள், ஆய்வுக்கூடமே கூட்டத்துக்கு அறையும் காப்பியும் அரை நேர உதவியாளரும் கொடுத்தால் போதும், தனிக் கணக்கு எதற்கு என்கிறார்கள். நான் சந்தா பக்கம். காரணம் ஒன்றுதான்: சோறு போடுகிறவரை எதிர்த்து எவ்வளவு பேச முடியும்?

ஜெனீவா_வாசி:
நான் எதிர்ப்பக்கம். ஏற்கெனவே எத்தனை அமைப்புகள் என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்க இயற்பியல் கழகத்தில் துகள் பிரிவு இருக்கிறது, சிகாகோ பக்கத்து ஃபெர்மிலாப் ஆய்வுக்கூடத்தில் பயனர்கள் தேர்ந்தெடுக்கும் செயற்குழு, கலிஃபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வுக்கூடத்தில் ஒன்று, எல்ஹெச்சி அமெரிக்கர்களுக்கு ஒன்று, இங்கே எல்ஹெச்சியை நடத்தும் செர்னில் பயனர் ஆலோசனைக் குழு. இந்தக் கடைசிக் குழுவுக்கு யாரும் ஒரு ஃபிராங்க் சந்தா கட்டவில்லை. நாட்டுக்கு நாடு பிரதிநிதிகள் வருகிறார்கள், நிர்வாகத்திலிருந்து ஆட்கள் எதிரே உட்கார்கிறார்கள், பார்க்கிங், விடுதி, மருத்துவக் காப்பீடு எல்லாம் அங்கேதான் பேசப்படுகிறது. போஸ்ட்டாக்குக்கு, அதாவது பிஎச்டி முடித்துத் தற்காலிக வேலையில் இருக்கும் ஆராய்ச்சியாளருக்கு, தேவை அதுதான். அமெரிக்கக் குடிமகன் என்றால் இங்கே வங்கிக் கணக்கு திறப்பதே பெரும்பாடு, அமெரிக்க வரிச் சட்டத்துக்குப் பயந்து சுவிஸ் வங்கிகள் நழுவுகின்றன. சந்தா வாங்கும் சங்கம் இதைத் தீர்க்குமா? பேராசிரியர்கள் வருடத்துக்கு ஒரு முறை கூடி ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்ள நான் ஏன் வாதாட வேண்டும்?

பழைய_டெவட்ரான்:
தம்பி, பார்க்கிங்குக்கு மட்டும் சங்கம் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் 2007 டிசம்பர் ஞாபகம் இருப்பவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒட்டுமொத்தச் செலவு மசோதாவை நிறைவேற்றியது. ஃபெர்மிலாபுக்குக் கேட்டதைவிட 5.2 கோடி டாலர் குறைவு. நோவா நியூட்ரினோ பரிசோதனைக்குப் பூஜ்யம். அடுத்த பெரிய இயந்திரமாகத் திட்டமிட்ட சர்வதேச நேர்கோட்டு மோதுவிக்கு 6 கோடி கேட்டோம், ஒன்றரைக் கோடி கொடுத்தார்கள். நிதியாண்டு அக்டோபரிலேயே தொடங்கிவிட்டதால் அதிலும் பெரும்பங்கு அதற்குள் செலவாகிவிட்டது. ஃபெர்மிலாப் ஊழியர்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு வாரம் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தார்கள். ஸ்லாக்கில் ஆட்குறைப்பு, பாபர் பரிசோதனை திட்டமிட்டதற்கு முன்பே 2008 ஏப்ரலில் நின்றது. ஃபெர்மிலாபில் அந்தச் சம்பளமில்லா விடுப்பு முடிவுக்கு வந்ததே பெயர் சொல்லாத ஒரு குடும்பம் சிகாகோ பல்கலைக்கழகம் வழியாக 50 லட்சம் டாலர் கொடுத்த பிறகுதான். ஒரு நாட்டின் முதன்மை முடுக்கி ஆய்வுக்கூடம் தர்மப் பணத்தில் மூச்சு விட்டது என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அப்புறம் ஜூன் கடைசியில் காங்கிரஸே, இந்த ஆய்வுக்கூடங்களுக்குப் பணம் தரும் எரிசக்தித் துறையின் அறிவியலுக்குக் கொஞ்சம் பணம் திருப்பிக் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை, நடுவில் எத்தனையோ பேர் போய்க் கதவைத் தட்டினார்கள்.

பயனர்கள் வாஷிங்டனுக்கு வருடா வருடம் போவதன் காரணம் இதுதான். ஃபெர்மிலாப், ஸ்லாக், எல்ஹெச்சி மூன்று தரப்பும் சேர்ந்து வசந்த காலத்தில் போகிறார்கள். சந்திக்க வேண்டிய காங்கிரஸ் உறுப்பினர்கள் 535 பேர். அலுவலகத்துக்கு இருபது நிமிடம், அதுவும் பெரும்பாலும் இருபத்தைந்து வயது உதவியாளருடன். அந்த உதவியாளருக்கு ஹிக்ஸ் துகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தன் தொகுதியில் எந்தக் கல்லூரியில் எத்தனை மாணவர்களுக்கு இந்தப் பணத்தில் சம்பளம் போகிறது என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.

ஜெனீவா_வாசி:
சார், மரியாதையோடு சொல்கிறேன், கதவு தட்டியதால்தான் பணம் வந்தது என்பதற்கு ஆதாரம் எங்கே? டெக்சாஸில் கட்டத் தொடங்கிய எஸ்எஸ்சி மோதுவி 1993-இல் செத்தது லாபி (அரசியல்வாதிகளிடம் போய் ஆதரவு திரட்டுவது) இல்லாததாலா? 1987-இல் 440 கோடி டாலர் என்று சொன்ன திட்டம் 1,100 கோடியைத் தாண்டியது, அதோடு நோபல் பரிசு வாங்கிய பிலிப் ஆண்டர்சன் போன்ற இயற்பியலாளர்களே காங்கிரஸில் போய் எதிராகச் சாட்சி சொன்னார்கள். ஃபெர்மிலாபின் டெவட்ரான் மோதுவியை மூன்று வருடம் நீட்டிக்கச் சொல்லி 2010-இல் ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது, வருடத்துக்குக் கூடுதலாக 3.5 கோடிதான் தேவை, 2011 ஜனவரியில் எரிசக்தித் துறை முடியாது என்றது, செப்டம்பரோடு நிறுத்தினார்கள். உங்கள் சங்கம் அப்போதும் இருந்ததே.

எல்லோரும் பெருமையாகக் காட்டும் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் எந்தத் திட்டத்துக்கு முன்னுரிமை என்று பரிந்துரைக்கும் பி5 குழுவின் அறிக்கை வந்தது, சமூகம் ஒரே குரலில் பேசியது, உயர் ஆற்றல் இயற்பியலின் (அதாவது துகள் இயற்பியலின்) நிதி 2016-இல் 79.5 கோடியிலிருந்து 2020-இல் 104.5 கோடிக்கு ஏறியது. கைதட்டல். அதே காலத்தில் எரிசக்தித் துறையின் அறிவியல் அலுவலகம் முழுவதுமே 535 கோடியிலிருந்து 700 கோடிக்கு ஏறியது. வகுத்துப் பாருங்கள், இரண்டுமே சுமார் 31 சதவீதம். கடல் ஏறியது, எல்லாப் படகும் ஏறியது. இதற்குச் சந்தா வேறா?

மிட்வெஸ்ட்_மியூவான்:
நல்ல கணக்கு, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 2018 நிதியாண்டுக்கு வெள்ளை மாளிகை உயர் ஆற்றல் இயற்பியலுக்குக் கேட்டது 67.3 கோடி. காங்கிரஸ் கொடுத்தது 90.8 கோடி. கடல் தானாக ஏறவில்லை, வற்ற வைக்க ஒருவர் முயன்றார், காங்கிரஸ் மறுத்தது. மற்றத் துறை ஆட்களும் அதே தாழ்வாரங்களில் நடந்துகொண்டிருந்தார்கள், அதை மறுக்கவில்லை. நாம் மட்டும் போகாமல் இருந்திருந்தால் நமக்கும் அதே 31 வந்திருக்குமா? சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. 2026-க்கு என்எஸ்எஃப் (தேசிய அறிவியல் அறக்கட்டளை) நிதியைப் பாதிக்கும் மேல் வெட்டச் சொல்லி வெள்ளை மாளிகை கேட்ட பிறகு உங்களுக்கும் இருக்காது என்று நினைக்கிறேன்.

கணக்கப்பிள்ளை:
நான் இயற்பியல் இல்லை, பல்கலைக்கழக மானிய அலுவலகத்தில் இருக்கிறேன், மனைவி எல்ஹெச்சியின் சிஎம்எஸ் பரிசோதனையில் இருக்கிறார். போகலாமா வேண்டாமா என்பதை விடுங்கள், எந்தப் பையிலிருந்து எடுக்கலாம் என்பதை யாரும் பேசவில்லையே.

மத்திய மானியப் பணத்தை லாபிக்குச் செலவு செய்யக் கூடாது, அது விதியிலேயே தெளிவாக இருக்கிறது. தொழில்முறைச் சங்கத்துக்கு உறுப்பினர் கட்டணம் கட்டலாம். ஆனால் அந்தச் சங்கத்தின் முதன்மை நோக்கமே லாபி என்றால் அந்தக் கட்டணத்தையும் மானியத்தில் எழுத முடியாது. ஆகவே சந்தாவைக் கிராண்டில் போட்டுவிடலாம் என்று நினைக்கும் பேராசிரியர்கள் கவனம். பாதுகாப்பான வழி, துறைத் தலைவர் கையில் இருக்கும் விருப்ப நிதி அல்லது ஓவர்ஹெட்டில் (மானியத்தில் பல்கலைக்கழகம் நிர்வாகச் செலவுக்கு எடுத்துக்கொள்ளும் தொகை) துறைக்குத் திரும்பி வரும் பங்கு. ஆய்வுக்கூடம் நடத்தும் செலவிலும் இதே சிக்கல்தான், அவர்கள் அறை தரலாம், ஆண்டுக் கூட்டத்துக்கு உதவலாம், வாஷிங்டன் டிக்கெட்டுக்கு அரசுப் பணத்தைத் தொடக்கூடத் துணிய மாட்டார்கள்.

தனியாகப் பதிவு செய்வதென்றால் 501(சி)(3), அதாவது வரிவிலக்குள்ள தொண்டு அமைப்பு, போதும். அதில் லாபி செய்யவே கூடாது என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். படிவம் 5768 ஒன்றை நிரப்பிக் கொடுத்துவிட்டால் செலவின் முதல் 5 லட்சம் டாலரில் 20 சதவீதம் வரை லாபிக்கு அனுமதி. வருடம் 50,000 செலவு செய்யும் சின்னச் சங்கத்துக்கு 10,000. அந்தக் கணக்கில் செலவான பணம்தான் சேரும், தொண்டாக வருபவர்களின் நேரம் சேராது. அதனால்தான் இந்த மாதிரிச் சங்கங்கள் கொஞ்சக் காசில் நிறையக் கதவு தட்ட முடிகிறது.

நாலாம்_வருஷம்:
ஒரு சந்தேகம். நான் எஃப்-1 விசாவில் இருக்கும் பிஎச்டி மாணவி, திருநெல்வேலிக்காரி. என் மேற்பார்வையாளர் வாஷிங்டனுக்கு வா என்கிறார். இரண்டு பயம். ஒன்று, ஓட்டே இல்லாத நான் போய் என்ன சொல்வது, இந்தக் காலத்தில் என் பெயர் ஏதாவது பட்டியலில் வந்து வம்பாகுமா? இரண்டு, டிக்கெட்டையும் ஓட்டலையும் முதலில் என் கார்டில் போடச் சொல்கிறார்கள், பணம் பிறகு வருமாம். இதற்கு முன் ஒரு கருத்தரங்குக்குப் போட்ட காசு திரும்பி வர ஒரு செமஸ்டர் ஆயிற்று, அதுவரை வட்டி கட்டியது நான்.

பழைய_டெவட்ரான்:
அம்மா, முதல் கேள்விக்கு: ஓட்டு இல்லாதவர்கள் நிறையப் பேர் போயிருக்கிறார்கள். அந்தத் தொகுதியில் குடியிருந்து அங்கே வாடகை கொடுத்து அங்கே பாடம் எடுப்பவர் நீங்கள், அதைச் சொன்னாலே போதும். ஆனால் இன்றைய சூழலில் மனசுக்கு ஒப்பவில்லை என்றால் போகாதீர்கள், யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஊரில் இருந்தபடியே கூட்டத்துக்குத் தரவு தயார் செய்து கொடுப்பதும் வேலைதான். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அது அநியாயம்.

ஜெனீவா_வாசி:
பார்த்தீர்களா, இதுதான் நான் சொன்னது. கொடி பிடிக்க மாணவர்கள், கார்டும் அவர்களுடையது. சந்தாப் பணம் பேராசிரியர்களின் இரவு விருந்துக்குப் போகும்.

மிட்வெஸ்ட்_மியூவான்:
இல்லை, தனிக் கணக்கு வேண்டும் என்பதற்கு நாலாம்_வருஷம் சொன்னதுதான் ஆகச் சிறந்த காரணம். சங்கத்துக்குச் சொந்தக் கணக்கு இருந்தால் சங்கமே நேராக டிக்கெட் வாங்கலாம். ஆய்வுக்கூடத்தின் தயவில் இருந்தால் அதை நடத்தும் ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் கை கட்டி நிற்க வேண்டும், ஃபெர்மிலாபுக்கு 2025 ஜனவரி 1 முதல் புது ஒப்பந்ததாரர் வந்தது எல்லோருக்கும் தெரியும். தொற்றுக்காலத்துக்குப் பிறகு வளாகத்துக்குள் நுழைவது கடினமாகிவிட்டது என்று 2023-இல் ஆராய்ச்சியாளர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்களே, அந்த மாதிரி விஷயத்தில் சங்கம் முன்னால் நிற்க வேண்டுமென்றால் அதன் காப்பிச் செலவை நிர்வாகம் கொடுக்கக் கூடாது.

சின்னக்_கல்லூரி:
தொகை எவ்வளவு, எந்த அடிப்படையில்? நான் இளங்கலை மட்டும் உள்ள கல்லூரியில் ஒற்றை ஆள். ஓவர்ஹெட் பங்கு என்று கணக்கப்பிள்ளை சொன்னார், எனக்கு அப்படி ஒன்று வந்ததே கிடையாது. முப்பது பேர் உள்ள குழுவும் நானும் ஒரே சந்தா என்றால் நான் வரவில்லை.

மிட்வெஸ்ட்_மியூவான்:
பரிசோதனைகளின் பொதுப் பராமரிப்புச் செலவை எப்படிப் பிரிக்கிறோம்? கட்டுரையில் பெயர் போடும் பிஎச்டி முடித்தவர்களின் எண்ணிக்கைப்படி. அதே அளவுகோலை இங்கேயும் வைக்கலாம். ஒற்றை ஆளுக்கு ஒரு பெயரளவுத் தொகை, அதுவும் முடியாவிட்டால் விலக்கு. ஓட்டு மட்டும் ஆளுக்கு ஒன்று, காசுக்கு ஒன்று இல்லை.

அயனி_மோதல்:
ஆளுக்கு ஒரு ஓட்டு என்றால் அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரண்டு பெரிய எல்ஹெச்சி பரிசோதனைகளும் எங்களை விழுங்கிவிடும். நான் அயனிகளை மோதவிடும் ஆலிஸ் பரிசோதனை. அமெரிக்க ஆலிஸ் குழுக்களுக்குப் பணம் எரிசக்தித் துறையின் அணுக்கரு இயற்பியல் அலுவலகத்திலிருந்து வருகிறது, உயர் ஆற்றல் அலுவலகத்திலிருந்து இல்லை. எல்ஹெச்சிபி என்ற இன்னொரு பரிசோதனையின் அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் என்எஸ்எஃப் பணம். நீங்கள் உயர் ஆற்றலுக்கு மட்டும் இவ்வளவு வேண்டும் என்று துண்டுப் பிரசுரம் அடித்து ஊரெல்லாம் கொடுத்தால், அதே மசோதாவில் எங்கள் நிதியை வெட்டி உங்களுக்குக் கொடுக்கச் சொன்னது போலத்தான் ஆகும். எங்கள் குழு ஏன் சந்தா கட்ட வேண்டும், சொல்லுங்கள்.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை, ஒவ்வொரு முறையும் சொல்கிறோம், ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார்கள்.

பழைய_டெவட்ரான்:
நியாயமான புகார். 1993-இல் நாம் செத்ததில் பாதி இந்த மாதிரிப் பங்காளிச் சண்டையால்தான். செயற்குழுவில் ஆலிஸுக்கும் எல்ஹெச்சிபிக்கும் ஒதுக்கீட்டு இடம் வேண்டும், பிரசுரத்தில் அணுக்கருவும் என்எஸ்எஃபும் பெயரோடு இருக்க வேண்டும். 1997 ஒப்பந்தத்தில் எல்ஹெச்சிக்கு அமெரிக்கா கொடுத்த 53.1 கோடி டாலரிலும் எரிசக்தித் துறை 45, என்எஸ்எஃப் 8.1 என்றுதான் பிரிந்திருந்தது. அப்போதே இரண்டு கதவு.

கணக்கப்பிள்ளை:
ஒதுக்கீட்டை முதலிலேயே துணைவிதியில் எழுதுங்கள். பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் சேராது, இதை நான் அலுவலக அனுபவத்தில் சொல்கிறேன். ஆண்டு வரவு 50,000-க்குள் இருந்தால் வரித்துறைக்கு மின்-அஞ்சலட்டை மாதிரி ஒரு சின்னப் படிவம்தான், பயப்பட ஒன்றுமில்லை.

ஜெனீவா_வாசி:
என் நிலை மாறவில்லை, இன்னொரு அமைப்பு வேண்டாம். ஆனால் எப்படியும் செய்யத்தான் போகிறீர்கள் என்றால் மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும். மாணவர், போஸ்ட்டாக் பயணத்துக்குச் சங்கமே முன்கூட்டிப் பணம் கட்ட வேண்டும். செயற்குழுவில் மூன்றில் ஒரு பங்கு போஸ்ட்டாக்கும் மாணவர்களும், அவர்களுக்கும் முழு ஓட்டு. வரவு செலவு வருடத்துக்கு ஒரு முறை பொதுவில் வைக்க வேண்டும், விருந்துச் செலவு தனி இனமாக. ஜெனீவா பக்கப் பிரச்சினைகளுக்கு யார் பொறுப்பு என்பதும் சேர்த்தால் நல்லது, இல்லாவிட்டால் நாங்கள் செர்ன் குழுவோடேயே இருந்துகொள்கிறோம்.

மிட்வெஸ்ட்_மியூவான்:
முதல் இரண்டும் ஒதுக்கீடும் துறைக்கு அனுப்பும் குறிப்பில் சேர்த்துவிட்டேன். விருந்துக் கணக்குக்கு எங்கள் மூத்த பேராசிரியர் ஒருவர் ஏற்கெனவே முகம் சுளித்தார், அதனால் அதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். ஜெனீவா பொறுப்புக்கு அங்கேயே இருப்பவர் ஒருவர் வேண்டும். நீங்கள் நிற்கிறீர்களா?

ஜெனீவா_வாசி:
எதிர்த்துப் பேசியவன் தலையில் கட்டுவது நம் ஊர் வழக்கம் மாறவே மாறாது போல. மேற்பார்வையாளரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

நாலாம்_வருஷம்:
முன்பணம் உறுதியானால் நான் தரவுப் பக்கம் வருகிறேன். வாஷிங்டன் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.