கந்தளாய்க் குளத்தடி வீட்டில் அறை வாடகைக்கு விடலாமா? காலைச் சாப்பாட்டோடு

குளத்தடி_வீடு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அம்மாவின் வீடு கந்தளாயில், குளக்கட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. அப்பா போன பிறகு அம்மா எங்களோடு திருகோணமலை டவுனுக்கு வந்துவிட்டார், வீடு பூட்டியபடியே கிடக்கிறது. வளவும் பெரிது, மாமரம் நிற்கிறது, முன்னால் நீளமான விறாந்தை, மூன்று அறை. இரண்டு அறையை வருகிறவர்களுக்குக் காலைச் சாப்பாட்டோடு கொடுத்தால் என்ன என்று எனக்குக் கனநாளாக ஒரு யோசனை. பெரிய ஹோட்டல் ஆசையெல்லாம் இல்லை, வீடு மூச்சோடு இருக்க வேண்டும், செலவுக்கும் கொஞ்சம் வர வேண்டும்.

சொந்தக்காரர் எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடுகிறார்கள். திருகோணமலைக்கு வருகிற சனம் உப்புவெளி, நிலாவெளிக் கடலுக்குத்தான் வருகிறது, அதற்கு 40 கிலோமீற்றர் முன்னால் யார் இறங்கித் தங்கப் போகிறார்கள் என்று கேட்கிறார்கள். அது உண்மையா? இரண்டாவது, அனுமதிக்கு எங்கே போக வேண்டும்? மூன்றாவது, காலையில் என்ன கொடுப்பது? அம்மா இடியப்பமும் சொதியும்தான் என்று நிற்கிறார். என் மகன் பாணும் முட்டையும் ஜாமும் வைத்தால் போதும் என்கிறான். இந்தத் தொழில் செய்கிறவர்கள் யாராவது திறந்து சொல்லுங்கள்.

வான்_ஓட்டி:

அக்கா, நான் அந்த வீதியில்தான் வெளிநாட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு ஓடுகிறேன், அதனால் சொல்லலாம். சீகிரியா, தம்புள்ளையில் இருந்து திருகோணமலைக்கு வருகிறவர்கள் ஹபரணையால் வந்து கந்தளாயைத் தாண்டித்தான் போக வேண்டும். தயிர்க் கடைக்கு முன்னால் நிற்காத வான் இல்லை. ஆனால் நிற்பது கால் மணித்தியாலம், முட்டித் தயிர் வாங்கிப் பாணி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு ஏறிவிடுவார்கள். அவர்களை இரவு தங்க வைக்கிற காரணம் ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. கவுடுல்ல யானைப் பூங்கா பக்கம்தான். ஓகஸ்ட், செப்டெம்பரில் மின்னேரியாக் குளம் வற்றி யானைகள் கூட்டமாக இறங்கும், பிறகு அதில் கொஞ்சம் கவுடுல்லவுக்கு நகரும். ஹபரணையில் அந்த மாதங்களில் அறை விலை ஏறிப் போகும். பின்னேரம் சபாரி முடித்துவிட்டு அடுத்த நாள் காலை கடலுக்குப் போகிறவர்களுக்கு உங்கள் வீடு சரியாக நடுவழி. பறவை பார்க்கிற ஆட்களும் வருவார்கள், அவர்கள் குளத்தைக் கண்டால் அசைய மாட்டார்கள். அப்புறம் எங்கள் சனத்தை மறக்காதீர்கள். ஹட்டன், நுவரெலியா, கொழும்பில் இருந்து கோணேசர் கோயிலுக்குக் குடும்பமாக வருகிறவர்கள் சீசனில் டவுனில் அறை விலை கேட்டுத் திகைத்துப் போய் நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இரண்டு அறை, பாட்டி தூங்க ஒரு பாய், காலையில் சூடாகச் சாப்பாடு என்றால் அவர்கள் அடுத்த வருடமும் உங்களைத்தான் தேடுவார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், டிரைவருக்கு ஒரு கட்டில் போடுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு சின்ன அறை, மின்விசிறி, நுளம்பு வலை, கழிவறை. கனபேர் நாங்கள் வானுக்குள் சீட்டைச் சாய்த்துப் படுத்து, நுளம்புக்குக் கண்ணாடியை மூடினால் வெக்கை, திறந்தால் கடி என்று இரவைக் கழித்து, காலையில் அதே கண்ணோடு வளைவு வளைவாக ஓட்டுகிறோம். வண்டி ஓட்டுகிறவன் தூங்கினால்தான் பின்னால் இருக்கிற குடும்பமும் பத்திரமாகப் போய்ச் சேரும். எந்த வீட்டில் டிரைவரை மனிசனாக நடத்துகிறார்கள் என்பது எங்களுக்குள் ஒரு கிழமையில் பரவிவிடும், கமிஷன் கொடுத்தும் வாங்க முடியாத விளம்பரம் அது. வான் திரும்ப இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அலஸ்தோட்டம்_அக்கா:

தங்கச்சி, நான் கடற்கரைப் பக்கம் அறை விடுகிறேன், உங்கள் இடம் வேறு, ஆனால் குசினி எல்லா இடத்திலும் ஒன்றுதான். முதலில் அம்மாவின் பக்கம் நிற்கிறேன். பாணும் ஜாமும் கொழும்பில் இறங்கிய நாளில் இருந்து அவர்கள் ஒவ்வொரு இடத்திலும் தின்று அலுத்துத்தான் வருகிறார்கள். ஒரு தட்டில் இடியப்பம், பக்கத்தில் மஞ்சள் போட்ட கிழங்குச் சொதி, காரம் குறைத்த தேங்காய்ச் சம்பல், ஒரு முட்டை, கப்பல் வாழைப்பழம், கடைசியில் ஒரு சின்ன மண் முட்டியில் தயிரும் கித்துள் பாணியும். உங்கள் ஊர்த் தயிரே ஊர்ப் பெயர் சொல்லும், அதை மேசையில் வைக்காமல் விட்டால் அநியாயம். சம்பலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், இடியப்பத்துக்கு மேலே போட்டுவிடாதீர்கள், ஒரு பிள்ளை காரம் என்று அழத் தொடங்கினால் அந்தக் குடும்பத்தின் காலை முழுக்கப் போய்விடும். மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பாணும் முட்டையும் வீட்டில் இருக்கட்டும், ஆனால் கேட்டால் மட்டும்.

தினமும் இடியப்பம் பிழிய உங்களால் முடியாது என்றால், அயலில் உரலும் கையுமாக இருக்கிற ஒருவரிடம் முதல் நாள் இரவே எண்ணிக்கை சொல்லி எடுங்கள். அவருக்கும் வருமானம். நீங்கள் சொதியும் சம்பலும் வைத்தால் போதும்.

இன்னொன்று, நேரம். விடியற்காலையில் கிளம்புகிறவர்கள் கனபேர். இரவே கேளுங்கள், "காலையில் எத்தனை மணிக்கு?" என்று. 5 மணிக்குப் போகிறவருக்கு ரொட்டியும் கட்டாச்சம்பலும் வாழையிலையில் சுற்றி, ஒரு பிளாஸ்கில் பிளேன்ரீ ஊற்றிக் கொடுங்கள். காசு வாங்கிவிட்டுக் காலைச் சாப்பாட்டைத் தவற விட்ட ஆள்தான் பிறகு இணையத்தில் நட்சத்திரத்தைக் குறைக்கிறார்.

காசு போட வேண்டிய இடம் குளியலறை. சுவருக்குப் பெயின்ற், படம், திரைச்சீலை எல்லாம் பிறகு. ஒவ்வொரு அறைக்கும் தனிக் குளியலறை, தண்ணீர் நன்றாக வருகிற குழாய், தரையில் தண்ணீர் தேங்காத சரிவு, கதவில் உடுப்புக் கொழுவ நாலு கொக்கி. எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் கனமானது, கேத்தலில் வெள்ளையாகப் படியும், அதனால் குடிக்க வடிகட்டிய தண்ணீர் வையுங்கள், மூடிய கண்ணாடிக் குடத்தில். வெள்ளைத் துவாய் வாங்கினால் வெயிலில் காயப் போட்டு அதே வெள்ளையாக வைத்திருக்கலாம், நிறத் துவாய் கொஞ்ச நாளில் வெளிறிப் பழசாகத் தெரியும். நுளம்பு வலை ஓட்டையில்லாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் தடவிப் பாருங்கள்.

புக்கிங் டொட் கொம் மாதிரி இடங்கள் 15 சதவீதம் அளவில் கமிஷன் எடுக்கும், அதைக் கூட்டித்தான் விலை போட வேண்டும். முதல் வருடம் அது இல்லாமல் உங்களை ஒருவருக்கும் தெரியாது, போடுங்கள். ஆனால் இரண்டு தளத்தில் போட்டால் கலண்டரை இரண்டிலும் அன்றே மாற்ற வேண்டும். ஒரே அறைக்கு இரண்டு குடும்பம் இரவு 9 மணிக்கு வந்து நின்றால் கந்தளாயில் வேறு எங்கே அனுப்புவீர்கள்?

கோப்புக்காரன்:

அனுமதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு வாசல். ஒன்று உங்கள் பிரதேச சபை, வியாபார அனுமதிப் பத்திரம் அங்கேதான், சாப்பாடு கொடுப்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குசினி, கிணறு, கழிவுத் தொட்டி எல்லாம் பார்ப்பார். மற்றது இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் வருகிற அமைப்பு அது, தங்குமிடங்களைத் தரம் பிரித்துப் பதிவு செய்கிறது. ஹோம்ஸ்டே, விருந்தினர் விடுதி, பங்களா என்று வேறு வேறு பிரிவு உண்டு.

இந்த இடத்தில் நன்றாக யோசியுங்கள். ஹோம்ஸ்டே என்பது வீட்டுக்காரர் அந்த வீட்டிலேயே குடியிருந்து, மிச்ச அறையில் விருந்தினரை வைத்திருப்பது. நீங்கள் டவுனில் இருந்துகொண்டு சாவியை ஒரு பொடியனிடம் கொடுத்து நடத்தினால் அது ஹோம்ஸ்டே ஆகாது. சட்டத்தை விட்டாலும் தொழிலாக ஓடாது. அம்மாவோ நீங்களோ அங்கே படுத்தெழும்ப முடியுமா என்பதுதான் முதல் கேள்வி, அதற்கு விடை தெரியாமல் ஒரு சீமெந்துப் பையும் வாங்க வேண்டாம்.

அடுத்தது காணி. கந்தளாய் குடியேற்றத் திட்டமாக உருவான இடம், அதனால் பல காணிகள் உறுதிக் காணி இல்லை, அரசாங்கம் கொடுத்த அனுமதிப் பத்திரக் காணி. உங்களுடையது எது, யாருடைய பெயரில், அப்பாவுக்குப் பிறகு பெயர் மாறியதா என்று முதலில் எடுத்துப் பாருங்கள். பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகத்தில் கேட்காமல் தொழில் தொடங்க வேண்டாம். குளக்கட்டுக்குப் பக்கத்தில் ஒதுக்கு நிலம் உண்டு, அது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு, அதற்குள் ஒரு குடில் போட்டாலும் உடைக்கச் சொல்வார்கள். குளத்தைப் பார்த்தபடி ஒரு கொட்டில் போட எல்லோருக்கும் ஆசை வரும், எல்லையை அளந்துவிட்டு ஆசைப்படுங்கள்.

பழைய_கந்தளாய்:

மகள், குளத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். நீங்கள் விற்கப் போவது அறை இல்லை, அந்தக் குளம். ஆனால் அது வருடம் முழுக்க ஒரே முகத்தோடு இருக்காது. பெரும்போக மழை முடிந்து தை, மாசியில் கரை தளும்ப நிற்கும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டு ஆவணி, புரட்டாதி வரும்போது தண்ணீர் தூரப் போய், உள்ளே புல் முளைத்து எருமைகள் மேயும். தளும்பி நிற்கிற படத்தை மட்டும் போட்டுச் செப்டெம்பரில் ஒருவரை வரவழைத்தால் அவர் ஏமாந்ததாக நினைப்பார். இரண்டு படத்தையும் போட்டு எந்த மாதம் எது என்று எழுதுங்கள். மழைக்காலத்தில், ஐப்பசி முதல் மார்கழி வரை, ஆள் குறைவுதான், அந்த மாதங்களை வருமானக் கணக்கில் சேர்க்காதீர்கள், கூரையும் குழாயும் திருத்துகிற நேரம் அது.

பாதுகாப்பையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். குளத்தில் இறங்கிக் குளிக்க விடாதீர்கள், முதலை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே நடக்க வேண்டும். பொழுது பட்டால் குளக்கட்டில் நடக்க விடாதீர்கள், யானை வருகிற ஊர் இது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் யானை என்றால் கையில் போனை எடுத்துக்கொண்டு கிட்டப் போவார்கள். வரவேற்கிற தேத்தண்ணியோடேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

கதையும் கேட்பார்கள். குளக்கோட்டன் கோணேசர் கோயிலுக்கு நெல் விளையக் கட்டினான் என்பது நம் ஆட்கள் வழிவழியாகச் சொல்வது, சிங்களச் சனம் அக்கபோதி மன்னன் கட்டியது என்று சொல்வார்கள், இரண்டையும் சொல்லுங்கள், விருந்தினரோடு வழக்காட வேண்டாம். தம்பலகாமம் ஆதிகோணேஸ்வரத்துக்கு வழியும் காட்டுங்கள், கடலுக்குப் போகிற வழியில்தான். அதோடு 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் இந்தக் கட்டு உடைந்ததையும் தெரிந்து வையுங்கள். நூற்றுக்கு மேல் உயிர் போனது, வீடும் வயலும் போனது. யாராவது கேட்டால் அடக்கமாகச் சொல்லுங்கள், அயல் வீடுகளில் இன்னும் அந்த இரவை நினைத்துக்கொண்டு இருக்கிறவர்கள் உண்டு, அவர்களைப் படம் எடுக்க யாரையும் கூட்டிப் போகாதீர்கள்.

குளத்தடி_வீடு:

உண்மையிலேயே நன்றி எல்லோருக்கும். இவ்வளவு விபரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. கோப்புக்கார அண்ணா கேட்டதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், "நான்தானே போய் இருக்கப் போகிறேன், வேறு யார்" என்றார் உடனே. டவுனில் நாலு சுவருக்குள் இருந்து அவருக்கு அலுத்துவிட்டது என்பது எனக்கு இப்போதுதான் சரியாக விளங்கியது. ஆனால் அவரைத் தனியே விட எனக்கு மனமில்லை, அதனால் சித்தியின் மகள் ஒருத்தி கூட இருக்கச் சம்மதித்திருக்கிறாள், சம்பளம் பேசித்தான். வெள்ளி, சனி நான் போவேன்.

காணிப் பத்திரத்தைத் தேடி எடுத்துவிட்டேன், அனுமதிப் பத்திரம்தான், இன்னும் அப்பாவின் பெயரில் இருக்கிறது. திங்கட்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போகிறேன். ஒரே ஒரு கேள்வி வான் தம்பியிடம்: மூன்றாவது அறையில் அம்மாவும் தங்கச்சியும் படுப்பார்கள், டிரைவருக்குப் பின் விறாந்தை மூலையை மறித்து அடைத்தால் போதுமா, அல்லது வெளியே தனியாகக் கட்ட வேண்டுமா?

வான்_ஓட்டி:

விறாந்தை மூலை தாராளம் அக்கா, புதிதாகக் கட்டவே வேண்டாம், அந்தக் காசைக் குளியலறைக்குப் போடுங்கள். கூரைக்குக் கீழே காற்றுப் போக அரை அடி இடைவெளி விட்டுப் பலகையால் அடையுங்கள், உள்ளே இருந்து பூட்டுகிற கதவு ஒன்று, போன் சார்ஜ் போட ஒரு பிளக். பெண் பிள்ளைகள் இருக்கிற வீடு, அதனால் வாசல் வளவுப் பக்கமாக இருக்கட்டும், கழிவறைக்கு வீட்டுக்குள்ளால் போகாமல் வெளியால் போகிற மாதிரி. அது எங்களுக்கும் வசதி, இரவில் யாரையும் எழுப்பாமல் வந்து படுக்கலாம். வேலை முடிந்ததும் இங்கே எழுதுங்கள், ஓகஸ்டில் எனக்கு இரண்டு குடும்பம் இருக்கிறது.